நகம் தெரிந்த தடம்

அந்தப் பத்திரிகையை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் துரை குடித்த சுருட்டின் வாசனை அடிக்கும். அதற்கு அடியில் கடுக்காய்த் தூளின் துவர்ப்பு. தாளைப் பிரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால், எல்லாவற்றுக்கும் கீழேயிருந்து பதப்பட்ட ஆட்டுத்தோலின் நெடி மெல்ல எழுந்து வரும். ஆம்பூரில் பிறந்தவன் மூக்குக்கு அந்த மூன்றாவது வாசனை ஒரு வாசனையே அல்ல. ரயிலில் போகிற வெளியூர்க்காரர்கள் எங்கள் ஸ்டேஷன் வந்ததும் ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் நாறுகிறது என்பதையே நாங்கள் தெரிந்துகொண்டோம்.

ஜெர்மன் யுத்தத்துக்கெல்லாம் முந்திய காலம் அது. சீமையில் உள்ள ஏதோ ஒரு கம்பெனிக்காகத் தோல் வாங்க மாதத்துக்கு ஒரு முறை மதராஸிலிருந்து ஒரு துரை வருவார். பாலாற்றங்கரை முசாபரி பங்களாவில் இரண்டு நாள் தங்குவார். போகும்போது படித்து முடித்த பத்திரிகைகளை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போவார். என் தகப்பனார், வீட்டுப் பேச்சில் "நைனா", ஊர்க் கோடியில் மலையடிவாரத்தில் இருந்த, தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தடவி, இது முதல் தரம், இது கழிவு என்று தள்ளுவது அவர் வேலை. உயர்ந்த தோல்கள் ஒன்றோடொன்று உரசிச் சாயம் போகாமலிருக்க, நடுவில் வைப்பதற்கென்று அந்த வழவழப்பான பத்திரிகைகளைப் பங்களா பட்லரிடம் கேட்டு வாங்கி வருவார். தோலுக்குப் போக மிஞ்சியது எனக்கு.

அது ஆண்பிள்ளைகளுக்காக ஆண்பிள்ளைகள் நடத்திய பத்திரிகை. வேட்டை, மீன்பிடித்தல், கூடாரம் அடித்தல், காற்றில் குழாய்ப் புகையிலை பற்றவைத்தல், நாய் வாங்கும்போது பல் பார்த்தல், ஆறு தாண்டியபின் பூட்ஸ் உலர்த்துதல் என்று பக்கத்துக்குப் பக்கம் யோசனை. ஆண்பிள்ளை என்றால் வீட்டுக்கு வெளியே கிடக்க வேண்டும் என்பதுதான் அதன் ஒரே கட்சி. எங்கள் தெருவில் வீட்டுக்குள் இடமில்லாததால் எல்லா ஆண்பிள்ளைகளும் வெளியேதான் கிடந்தார்கள். அதற்கு இத்தனை படம் எதற்கு என்று நான் அப்போது யோசிக்கவில்லை. படத்துத் துரைமார் மாட்டியிருந்த கையுறையும் தோள்பையும் எங்கள் நைனாவின் விரல் பட்டுப் போன தோலாக இருக்கலாம் என்றும் யோசிக்கவில்லை. பதின்மூன்று வயதில் மனிதன் யோசிப்பது மிகவும் கம்மி. என் விஷயத்தில் பிற்பாடும் அது அதிகம் கூடிவிடவில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் அந்தப் பத்திரிகைகளைப் படங்களாலும் தலைப்புகளாலும் படித்தேன். கொட்டை எழுத்தில் இருப்பதை எழுத்துக் கூட்டுவேன். பொடி எழுத்தில் இருப்பதைத் தாண்டிவிடுவேன். படித்ததை உடனே நடத்தியும் பார்ப்பேன். அம்மாவின் புடவையில் கூடாரம் அடித்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். பப்பாளிக் காம்பில் காய்ந்த ஆவாரம்பூவைத் திணித்துக் குழாய் பிடித்து, கக்குவான் வந்தவனைப் போல இரண்டு நாள் இருமினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அறிய வேட்டைக்காரன் விரலை எச்சிலில் நனைத்து உயர்த்த வேண்டும் என்று ஒரு படம். ஷாப்பு வாசலில் நான் விரலைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த மேஸ்திரி காதர் பாய், "இன்னா பேட்டா, விரலுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். காற்று பார்க்கிறேன் என்றேன். "அதுக்குத்தான் அல்லா மூக்கு குட்த்துக்கிறான். நாத்தம் வந்தா மேக்கத்திக் காத்து, வரலன்னா கெழக்கத்திக் காத்து" என்றார். அன்றிலிருந்து ஷாப்பில் எனக்கு "சிகாரி" என்று பெயர், வேட்டைக்காரன் என்று அர்த்தம். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் பட்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கேலியெல்லாம் அந்தக் கோடை வரைக்கும்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பாலாற்றில் ஊற்றுத் தோண்டினால் ஆளுயரம் போயும் ஈரமில்லை. மலையில் ஆவாரஞ்செடிகூடக் கருகிவிட்டதால், தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றி வரும் வண்டிகள் நாலு நாளைக்கு ஒன்றாக வந்தன. முதலில் காதர் பாய் வீட்டு வெள்ளாடு ஒன்று காணாமல் போனது. கள்ளன் என்றார்கள். அடுத்த வாரம் இன்னொன்று. மலைப்பக்க வேலியில் ஒரு கொத்து மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் கள்ளன் என்ற பேச்சு கொஞ்சம் தாழ்ந்த குரலில் நடந்தது.

ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பட்டை சுமக்கிற பெண்கள் கைக்குழந்தையோடு வருவார்கள். பட்டைக் கொட்டகையின் குறுக்குமூங்கிலில் வரிசையாகத் தூளி கட்டியிருக்கும். போகிறபோது ஒரு தள்ளு, வருகிறபோது ஒரு தள்ளு, கூடை தலையிலிருந்து இறங்காமலே பிள்ளை தூங்கிவிடும். கொட்டகை மலையைப் பார்த்துத் திறந்தது. ஆகவே காதர் பாய், பொழுது சாயும்போது கொட்டகைக்குப் பின்னால் பட்டைச் சக்கையைக் கொளுத்த வேண்டும், தகரம் தட்ட இரண்டு ஆள் நிற்க வேண்டும், தூளிகளைக் கதவுள்ள தோல் கிடங்குக்குள் மாற்றிவிட வேண்டும் என்று மூன்று உத்தரவு போட்டார். மற்றப் பெண்கள் பிள்ளைகளை வீட்டிலேயே யாரிடமாவது விட்டுவிட்டு வந்தார்கள். அன்னம்மாளுக்கு அப்படி விட ஆளில்லை. புருஷன் மலேயா தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவன், அதற்கப்புறம் சேதியில்லை. எட்டு மாதக் குழந்தை செல்லத்தை அவள் கிடங்கில் தூளி கட்டிப் போட்டாள். கிடங்கெல்லாம் தோலுக்குப் போடும் கடுக்காய்த் தூள். மூன்றாம் நாளே பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி இருமும். இருமி முடித்ததும் அழக்கூட அதற்குப் பலமிருக்காது.

அப்போதுதான் ஒரு காலை, சுண்ணாம்புத் தொட்டிகளின் ஓரத்தில் அந்தத் தடத்தைக் கண்டார்கள்.

தொட்டித் தண்ணீர் வழிந்து வழிந்து அந்த இடம் எப்போதும் வெண்ணெய் போல வழுக்கும் வெள்ளைச் சேறு. அதில் உள்ளங்கை அகலத்தில் நாலு தடம், தெளிவாக. ஒருத்தர் சிறுத்தை என்றார், ஒருத்தர் நாய் என்றார். தோலின் உட்பக்கத்திலிருந்து சுரண்டி எறியும் சவ்வைத் தின்று கொழுத்த எங்கள் ஷாப்பு நாய்கள் கன்றுக்குட்டி அளவு இருக்கும்; ஆகவே நாய் என்றதும் பொருந்தித்தான் வந்தது. வாதம் முற்றியதும் யாரோ, "சிகாரியக் கூப்புடு, புக்கு வச்சிக்கிறான் இல்ல" என்றார்கள். பாதி கேலி. ஆனால் ஆள் அனுப்பியே கூப்பிட்டார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சபை அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக விலகி எனக்கு வழிவிட்டார்கள். நான் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழங்காலிட்டேன். ஈர்க்குச்சியால் தடத்தை அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு கால்தடம் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருந்தது. பூனை ஜாதியின் தடத்தில் நகம் விழாது, நாய் ஜாதியின் தடத்தில் நகம் விழும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. அதில் எனக்குத் தெரியாத வார்த்தைகள் இருந்தன. சபை காத்திருந்தது. தாண்டிவிட்டேன்.

சேற்றில் இருந்த தடத்தில் ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் ஊசியால் குத்தியதைப் போல ஒரு புள்ளி இருந்தது.

"நகம் தெரியுது. நாய்தான்" என்றேன்.

காதர் பாய் குனிந்து படத்தையும் தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாய்யா. அச்சுல போட்டுக்கிறான்" என்றார். அச்சில் இருப்பதை அவர் எதிர்த்துப் பேசியதே இல்லை.

அன்னம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "ராசா, இந்தப் பூனை, நாயெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கொடோன்ல போட்டா புள்ள மூச்சு உடமாட்டேங்குது. பட்டக் கொட்டாய்ல தூளி கட்லாமா, வாணாமா? அத்த மட்டும் நல்லா பாத்து சொல்லு" என்றாள்.

குழந்தை என்னைப் பார்த்து இருமியது.

"கட்லாம்க்கா" என்றேன்.

சாயங்காலம் நைனா கை கால் கழுவிக்கொண்டே கேட்டார்: "கைல தடவாம நான் ஒரு தோலுக்கும் தரம் சொன்னதில்ல. நீ அந்தப் பக்கத்த முழுசும் படிச்சியா?"

"படிச்சேன் நைனா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதைப் போலத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து சக்கைக்குத் தீ வைக்கவில்லை. தகரம் தட்டிய இரண்டு பேரும் தொட்டி வேலைக்குத் திரும்பினார்கள். தூளி கொட்டகைக்கு வந்தது. திறந்த காற்றில் இரண்டே நாளில் செல்லத்துக்கு இருமல் நின்றது. அன்னம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறையச் சிரித்தாள். ஒருநாள் முந்தானையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை அவிழ்த்துக் கொடுத்தாள். நான் அதைச் சப்பிக்கொண்டே ஷாப்பைச் சுற்றி வந்தேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். நாய்களைக் காணவில்லை. சவ்வுக் குழியில் எப்போதும் பத்து நாய் உருண்டு சண்டை போடும். இப்போது காக்காய்கள் மட்டும் இருந்தன. தடம் நாயுடையது என்று நான் சொன்ன நாளிலிருந்து ஷாப்பில் ஒரு நாய்கூட இல்லை. இதைப்பற்றிப் பத்திரிகையில் எதுவும் போடவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். வெல்லம் தித்திப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள், பொழுது இறங்குகிற நேரம். நைனாவுக்குச் சோற்றுத் தூக்கு கொடுத்துவிட்டுத் திரும்புகையில், சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகக் குறுக்கே போனேன். அந்த வெள்ளைச் சேற்றில் கால் வழுக்கியது. விழாமலிருக்கக் கால்விரல்களைச் சேற்றில் ஊன்றி, கைகளைக் கோழிச் சிறகு போல அடித்துக்கொண்டு, எப்படியோ நின்றுவிட்டேன். யாரும் பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. பிறகு என் தடத்தைப் பார்த்தேன்.

ஐந்து விரலுக்கு முன்னாலும் நகம் ஆழமாகப் பதிந்திருந்தது. நான் சாதாரணமாக நடந்தால் தரையில் என் நகம் விழுவதில்லை. வழுக்கினால் விழுகிறது. வழுக்கினால் எதற்கும் விழும்.

வீட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பொடி எழுத்து இரண்டு வரியை வார்த்தை வார்த்தையாகப் பிரித்தேன். ஈரமான, வழுக்கும் நிலத்தில் பூனை ஜாதியும் நகத்தை நீட்டிப் பிடித்து நடக்கும். ஆகையால் நகத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாதே என்று போட்டிருந்தது. எனக்காகவே, எங்கள் ஷாப்புச் சேற்றைப் பார்த்துவிட்டு வந்தே எழுதியதைப் போல இருந்தது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், நாளைக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சிகாரிக்கு நாய்க்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும் சிரிப்பை முன்கூட்டியே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். சேறு பட்ட வேட்டியை மாற்றினேன். தலை சீவிக்கொண்டேன். தப்பை ஒப்புக்கொள்ளப் போகிற நேரத்திலும் வகிடு நேராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. பிறகுதான் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

ஷாப்பில் காதர் பாய் பாயை விரித்துத் தொழுகையில் இருந்தார். குறுக்கே பேசக்கூடாது. அவர் முடிக்கட்டும் என்று நின்றேன். உண்மையைச் சொன்னால், அவர் மெதுவாகவே முடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கொட்டகையில் அன்னம்மாள் மட்டும் இருந்தாள். கடைசி வண்டிப் பட்டையைக் கூடை கூடையாக உள்ளே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது தூளியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே வந்தாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. எங்கும் ஒரு சத்தமில்லை, மூங்கிலில் கயிறு உரசுகிற சத்தத்தைத் தவிர.

தூளிக்குப் பின்னால் இருந்த பட்டைக் குவியலின் உச்சியில், பட்டையின் நிறத்திலேயே ஒரு பகுதி கொஞ்சம் கீழே இறங்கியது.

பட்டை சரிகிறது என்றுதான் நினைத்தேன். சரிந்த பட்டை நின்றது. அதற்குக் கண் இருந்தது.

"அக்கா" என்றேன். சத்தமாகக்கூட இல்லை, உடையத் தொடங்கியிருந்த குரலில் ஒரு கீச்சு. அன்னம்மாள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் கை நீட்டக்கூட இல்லை. அந்த முகமே அவளுக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். கூடையைப் போட்டுவிட்டுத் தூளியை நோக்கி ஓடினாள். குவியலிலிருந்து அதுவும் பாய்ந்தது. நான் பின்னால் ஒரு அடி வைத்தேன். அங்கே தரை இல்லை.

ஆக, சிறுத்தையைப் பற்றி அந்த ஊரில் அதிகம் படித்தவனான நான், சிறுத்தை வந்தபோது தோல் ஊறுகிற பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு கிடந்தேன். மற்றதெல்லாம் எனக்குக் காதால் கேட்டதுதான். துணி கிழிகிற சத்தம். அவளுடைய ஒரு குரல். தொழுகைப் பாயிலிருந்து எழுந்த காதர் பாய் தோல் சுரண்டும் கத்தியைத் தொட்டிச் சுவரில் அடித்துக்கொண்டு ஓடுகிற சத்தம். நாலைந்து பேர் கூச்சல். பிறகு, ரொம்ப நேரத்துக்குப் பிறகு என்று எனக்குத் தோன்றியது, குழந்தையின் அழுகை. அதற்கு அழப் பலம் வந்திருந்தது.

என்னைத் தூக்கி வெளியே போட்டபோது அன்னம்மாள் குழந்தையை அடிவயிற்றில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள். குழந்தைமேல் ஒரு கீறல்கூட இல்லை. அவள் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நாலு கோடு, உழுததைப் போல. கிடங்கிலிருந்து ஓடிவந்த நைனா அந்தக் கையைத் தூக்கி, பழக்க தோஷத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் புண் சீழ் பிடித்து, அவளுக்கு நினைவு தப்பி, பிழைப்பாளா என்று ஒரு வாரம் ஊரே பேசிக்கொண்டிருந்தது. பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. கூடை பிடிக்க முடியாது என்பதால் முதலாளி சாயபு அவளைக் கடுக்காய் பொறுக்க உட்கார வைத்தார். அதே கிடங்கில், அதே தூளில். பட்டைத் தண்ணீரில் ஊறிய எனக்குப் பத்து நாள் வரை உடம்பெல்லாம் செம்பழுப்பு. என் தோலும் பாதி பதப்பட்டுவிட்டது. காதர் பாய் அதைப் பார்த்து ஏதாவது கேலி சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஷாப்பில் என்னை யாரும் "சிகாரி" என்று கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த அவளைப் பார்க்க நைனாவும் காதர் பாயும் என்னை அழைத்துப் போனார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவளே, "நீ இன்னா பண்ணுவ கண்ணு? சின்னப் புள்ள. புக்குல தப்பா போட்டுட்டான், நீ அத்த சொன்ன. வெள்ளக்காரனுக்கு நம்மூரு சேறு எப்டித் தெரியும்?" என்றாள். காதர் பாயும் தலையை ஆட்டி, "ஆமாமா, புக்கு பொய் சொல்லிச்சு. அச்சுன்னு நம்பினேன் நானு" என்றார். நைனா மட்டும் என்னைப் பார்த்தார். நானும் தலையை ஆட்டினேன்.

அன்று மலைக்குத் தப்பி ஓடிய அந்தச் சிறுத்தையைப் பிற்பாடு துரைதான் சுட்டார். அவரே எழுதி அனுப்பினாரோ என்னவோ, ஆறேழு மாதம் கழித்து வந்த பத்திரிகையில் படமும் போட்டிருந்தது. எங்கள் பட்டைக் கொட்டகைக்கு முன்னால், செத்த சிறுத்தையின் தோளில் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு துரை நின்றார். கீழே இருந்ததைக் கொட்டை எழுத்து, பொடி எழுத்து எதையும் விடாமல், அகராதியோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். காற்று, தூரம், துப்பாக்கிக் கம்பெனியின் விலாசம் எல்லாம் இருந்தது. அன்னம்மாள் இல்லை. படத்தில் சிறுத்தையின் முன்னங்கால் பாதம் காமிராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நகம் தெரியவில்லை.

இப்போது எங்கள் ஊரில் மோட்டார் பஸ் ஓடுகிறது. அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். முசாபரி பங்களாவின் நாற்காலிகளில் வேறு யாரோ வேறு ஏதோ படிக்கிறார்கள். பெரிய ஷாப்புகளில் மருந்து போட்டுப் பதப்படுத்துகிறார்களாம். சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் கல் பாவிவிட்டார்கள், யார் கால் வழுக்கினாலும் தடம் விழாது. மலையில் ஆவாரஞ்செடி அருகிவிட்டது. சிறுத்தை வந்ததென்று யாரும் சொல்லிக் கேட்டுப் பல வருஷமாகிறது. காதர் பாயும் நைனாவும் போய்விட்டார்கள். போன தை மாதம் அன்னம்மாளும் போனாள்.

திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிற செல்லம் காரியத்துக்கு வந்திருந்தாள். இடுப்பில் அவளுடைய பிள்ளை. "அம்மா கடசி வரைக்கும் உங்களப் பத்தி சொல்லும்ண்ணா. பாவம் அந்தப் புள்ள, புக்கு அத்த ஏமாத்திடுச்சின்னு" என்றாள். நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் அதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்று இடுப்பில் செருகியிருந்த அந்தப் பக்கம் என்னோடு தொட்டியில் விழுந்தது. மற்றப் பத்திரிகைகளையெல்லாம் செல்லரித்துவிட்டது. இது மட்டும் பட்டைத் தண்ணீர் ஏறி, நல்ல முதல் தரத் தோலின் நிறத்தில், என் டிரங்குப் பெட்டியின் அடியில் கெடாமல் கிடக்கிறது. பொடி எழுத்து இரண்டு வரியும் அழியவில்லை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எடுத்துப் பார்ப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத வீட்டில்கூட, ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.